சேற்றுப் பூதத்தை வீழ்த்துவது எப்படி?

மாணவர்களே, ஜோகூர் மாநிலத்தில் குளுவாங்குக்கும் பெக்கோக்குக்கும் இடையில், இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் பாலோ. ஊரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்தின் ஊடே நீளும் வடிகால்கள் மழைக்காலத்தில் பழுப்பு நிற நீரால் நிரம்பிவிடும். என் அக்காள் மகன் அங்கேதான் படிவம் 3 படிக்கிறான். கடந்த பள்ளி விடுமுறையில் நான் போயிருந்தபோது, வெளியே மழை. அவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பூதத்தைத் துரத்திக்கொண்டிருந்தான்.

“மாமா, இது சேத்துக்குள்ளேயே கிடக்கும். முதல்ல தண்ணி ஆயுதத்தால அடிக்கணும். சேறு கழண்டு விழுந்ததும் மின்னல் வாளை எடுத்து அடிச்சா சீக்கிரம் விழுந்திரும்” என்றான்.

சற்று நேரம் கழித்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே இன்னொன்றும் சொன்னான். “தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் பேட்டரி வச்சு காட்டு ஓடையில மீன் பிடிக்கிறாரு மாமா. இதே மாதிரிதான். கரண்டு வச்சா ஹருவான் எல்லாம் மேல வந்திருமாம். இந்த சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டிருக்காரு.”

இந்தக் கட்டுரை அவனுக்கு நான் சொன்ன பதில். விளையாட்டில் வரும் சதுப்புக்கும் பாலோவில் இருக்கும் சதுப்புக்கும் எங்கெங்கே ஒற்றுமை, எங்கே வேற்றுமை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடைசி வேற்றுமைதான் உயிர் சம்பந்தப்பட்டது.

விளையாட்டு என்ன சொல்கிறது?

அந்த விளையாட்டின் பெயர் ‘மான்ஸ்டர் ஹண்டர்: வேர்ல்ட்’. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2018 ஜனவரியில் வெளியிட்டது. இந்த வரிசையின் முதல் விளையாட்டு 2004இலேயே வந்துவிட்டது. பாலைநிலமும் சதுப்பும் கலந்த ஒரு பகுதியில் ‘ஜுராடோடஸ்’ என்ற பூதம் வாழ்கிறது. மீன் போன்ற செதில் உடல், இரண்டு கால்கள், நீண்ட வால். சேற்றில் புரண்டு உடல் முழுவதும் கவசம்போல் பூசிக்கொள்ளும். வேட்டைக்காரர் மீது சேற்றை வாரி இறைக்கும்.

வேட்டையின் விதிகள் மூன்று. ஒன்று, ஆழமான சேற்றில் இறங்கினால் வேட்டைக்காரரின் வேகம் குறையும். இரண்டு, சேறு பூசியிருக்கும் வரை பூதத்துக்கு அடி அவ்வளவாகப் படாது. நீர் ஆயுதம்தான் அப்போது நன்றாக வேலை செய்யும். மூன்று, சேறு நீங்கிய பிறகு மின்னல் ஆயுதம் பலிக்கும்.

இவற்றை எழுதியவர்கள் கற்பனையாக மட்டும் எழுதவில்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் கொஞ்சம் உண்மையான இயற்பியலும் உயிரியலும் இருக்கின்றன.

சேறு ஏன் காலைப் பிடிக்கிறது?

முதலில் அழுத்தம். படிவம் 2 அறிவியலில் படித்திருப்பீர்கள்: அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. 50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் நின்றால் தரையில் சுமார் 500 நியூட்டன் விசை விழும். இரண்டு பாதங்களின் பரப்பு மொத்தம் 0.04 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் 12,500 பாஸ்கல். அதே மாணவர் மல்லாந்து படுத்தால் தொடும் பரப்பு ஏறத்தாழ 0.5 சதுர மீட்டர்; அழுத்தம் 1,000 பாஸ்கலாகக் குறைந்துவிடும். நிற்பவரைத் தாங்காத சேறு, படுத்தவரைத் தாங்குவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது, சேற்றின் குணம். தண்ணீரை மெதுவாகக் கலக்கினாலும் வேகமாகக் கலக்கினாலும் அதன் பாகுநிலை மாறாது. சேறு அப்படியில்லை. களிமண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, இடையில் நீரைச் சிறைவைத்திருக்கும். அசையாமல் இருக்கும்போது அது கெட்டியான பொருள்போல் தோன்றும். கால் வைத்து அசைத்தால் துகள்களின் பிடி அறுந்து, நீராக இளகும். கால் உள்ளே போகும். பிறகு துகள்கள் காலைச் சுற்றி முன்பைவிட நெருக்கமாகப் படிந்து இறுகிக்கொள்ளும். தக்காளிச் சாறு புட்டியைக் கவிழ்த்தால் வராமல், குலுக்கினால் குபுக்கென்று வருகிறதே, அதுவும் அசைத்தால் இளகும் வகைதான்.

புதைமணலை வைத்து ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனை 2005இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. மணல், களிமண், உப்புநீர் மூன்றையும் கலந்து அவர்கள் அளந்தார்கள். சிக்கிய காலை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் மேலே இழுக்கத் தேவைப்படும் விசை, ஒரு நடுத்தரக் காரைத் தூக்கத் தேவையான விசைக்குச் சமம் என்று கண்டார்கள். அதே சோதனை ஓர் ஆறுதலான செய்தியையும் தந்தது. புதைமணலின் அடர்த்தி மனித உடலின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எனவே, திரைப்படங்களில் வருவதுபோல் ஆள் தலைவரை முழுகிப்போக மாட்டார். பாதி உடல் அளவில் மிதந்து நின்றுவிடுவார்.

ஆகவே முதல் விதி சரி. விளையாட்டில் வேகம் மட்டும் குறைகிறது. உண்மையில் கால் வெளியே வரவே மறுக்கும். தப்பும் வழி பலத்தில் இல்லை. பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்பக்கமாகச் சாய்ந்து, காலைச் சிறுசிறு அசைவாக ஆட்ட வேண்டும். காலுக்கும் சேற்றுக்கும் இடையில் நீர் இறங்க இறங்கப் பிடி தளரும். வெடுக்கென்று இழுத்தால் பாதத்துக்குக் கீழே வெற்றிடம்போன்ற தாழ்வழுத்தம் உண்டாகி இன்னும் இறுகும்.

சேறு கவசம் ஆகுமா?

செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றிகள் புரண்ட குழிகளைப் பார்த்திருப்பீர்கள். எருமையும் அப்படித்தான். பன்றிக்கு நம்மைப்போல் வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வசதி இல்லை. பூசிய சேற்றிலுள்ள நீர் மெதுவாக ஆவியாகி நீண்ட நேரம் உடலைக் குளிர்விக்கும். வெறும் தண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடும். சேறு வெயிலையும் பூச்சிக்கடியையும் ஓரளவு தடுக்கும். ஆக, விலங்குகள் சேறு பூசிக்கொள்வது உண்மை. காரணம்தான் வாள்வீச்சைத் தடுப்பது அல்ல.

வாளைத் தடுக்க வேண்டுமானால் சேறு தடிமனாக இருக்க வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். ஈரச் சேற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,600 கிலோகிராம் என்று கொள்வோம். 5 சென்டிமீட்டர் தடிப்பில் ஒரு சதுர மீட்டர் பூசினால் 80 கிலோகிராம். பூதத்தின் உடல் பரப்பு 20 சதுர மீட்டர் என்றால் மொத்தச் சேறு 1,600 கிலோகிராம். ஒரு காரைச் சுமந்துகொண்டு சண்டை போடுவது போன்றது அது.

நீர் ஆயுதம் பலிப்பது மட்டும் ஏற்கக்கூடியதே. சேற்றில் நீர் கூடினால் களிமண் துகள்களின் இடைவெளி பெரிதாகி, பிடி தளர்ந்து, வழிந்து ஓடிவிடும். மழையில் நனைந்த மண்சரிவும் இதே கொள்கைதான்.

ஆனால், மீனுக்குச் சேற்றால் வேறொரு தொல்லை உண்டு. சேற்றுத் துகள்கள் செவுள்களின் மெல்லிய இதழ்களை அடைத்தால் மூச்சு நின்றுவிடும். எனவே சேற்றிலேயே வாழும் மீன் மூச்சுக்கு வேறு வழி கண்டாக வேண்டும். சதுப்பின் உண்மையான அதிசயம் அந்த வழிதான்.

மூச்சு முட்டும் நீர்

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் உயிர்வளி இருக்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் தூய ஆற்றுநீரில், நன்றாகக் காற்றோடு கலந்திருந்தாலும், 6 மில்லிலிட்டர்கூடக் கரைந்திருக்காது. தேங்கிய சதுப்பில் நிலைமை இன்னும் மோசம். விழுந்து அழுகும் இலைகளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கிற உயிர்வளியையும் தின்றுவிடுகின்றன. ஓடும் நீர்போல் காற்றைக் கலக்கவும் அங்கே வழியில்லை.

அப்படியானால் பாலோவின் வடிகாலில் மீன்கள் எப்படி உயிரோடு இருக்கின்றன? அவை காற்றைச் சுவாசிக்கின்றன.

விரால் மீனைத்தான் மலாயில் ஹருவான் என்கிறோம். அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வீட்டில் சூப்பு வைத்துக் கொடுப்பார்களே, அதே மீன். அதன் செவுளுக்கு மேலே காற்றை அடைத்துவைக்கும் ஓர் அறை உண்டு. வளர்ந்த விரால் அவ்வப்போது மேலே வந்து வாய்நிறையக் காற்றை விழுங்கியாக வேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால், நீருக்குள்ளேயே அது மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஆம், விரால் மீன் நீரில் மூழ்கிச் சாகும்! வறட்சியில் குட்டை வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, தோல் ஈரமாக இருக்கும்வரை காத்திருக்கும். மண்வெட்டியால் வெட்டும்போது சேற்றுக்குள்ளிருந்து மீன் துள்ளியதாகத் தோட்டத்துத் தாத்தாக்கள் சொன்னால், அது கட்டுக்கதை அல்ல.

கெளுத்தி மீனுக்குச் செவுளுக்கு அருகில் சிறு மரக்கிளை போன்ற உறுப்பு உண்டு. சேற்று விலாங்கு வாயின் உட்புறத் தோலால் காற்றிலிருந்து உயிர்வளியை எடுக்கிறது. மலாயில் புயு எனப்படும் பனையேறிக் கெண்டைக்கு மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகளால் ஆன சுவாச உறுப்பு இருக்கிறது. முட்கள் உள்ள செவுள் மூடிகளைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு அது நடந்தே போகும்.

பனையேறி என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டின் தரங்கம்பாடி அப்போது டென்மார்க்கின் கையில் இருந்தது. அங்கே பணியாற்றிய டால்டார்ப் என்ற அதிகாரி, 1791இல் குளக்கரைப் பனைமரத்தின் தண்டில், நீர்மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். அந்தக் குறிப்பு 1797இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. பறவை கவ்விக்கொண்டுபோய் மரத்தில் விட்ட மீனாக இருக்கலாம் என்று பின்வந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். எப்படியிருந்தாலும், அவ்வளவு நேரம் நீரில்லாமல் உயிரோடு இருந்தது மீனின் மூச்சு உறுப்பால்தான்.

பெயருக்குள் ஒரு பழைய மீன்

‘ஜுராடோடஸ்’ என்ற பெயரின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ‘ஒடஸ்’ என்பது பல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தொல்லுயிர் மீன்களின் பெயர்களில் இது அடிக்கடி வரும். அவற்றுள் ஒன்று ‘செரட்டோடஸ்’. ‘கொம்புப் பல்’ என்று பொருள். ஐரோப்பாவின் பழம்பாறைகளில் கிடைத்த விசித்திரமான பற்களை வைத்து, எப்போதோ அழிந்துபோன மீன் என்று கருதி, 19ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர் அது.

பிறகு 1870இல் சிட்னி நகரின் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கெரார்ட் கிரெப்ட் என்பவரிடம் குவீன்ஸ்லாந்து ஆற்று மீன் ஒன்று வந்து சேர்ந்தது. வாயைத் திறந்து பார்த்தவர் திகைத்தார். பாறையில் மட்டுமே பார்த்திருந்த அதே வகைப் பற்கள்! உள்ளே செவுளோடு ஒரு நுரையீரலும் இருந்தது. அதுதான் ஆஸ்திரேலிய நுரையீரல் மீன்.

இதன் ஆப்பிரிக்க உறவினர்கள் இன்னும் வியப்பானவை. குட்டை வற்றத் தொடங்கியதும் சேற்றைக் குடைந்து உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். உடலிலிருந்து சுரக்கும் கோழை காய்ந்து பட்டுக்கூடுபோல் மூடிக்கொள்ளும். வாய்க்கு நேராக மட்டும் சிறு துளை. உடலின் இயக்கம் மிகவும் மெதுவாகிவிடும். அடுத்த மழை வரும்வரை பல மாதங்கள், தேவைப்பட்டால் ஓர் ஆண்டுக்கு மேலும் அப்படியே இருக்கும். சேற்றைக் கவசமாக்கிக்கொண்ட உண்மையான மீன் இதுதான். அந்தக் கவசம் எதிரிக்கு எதிரானது அன்று, வறட்சிக்கு எதிரானது.

நாலுகால் உயிரினங்களுக்கு, அதாவது தவளை, பல்லி, பறவை, மனிதர் ஆகிய நமக்கெல்லாம், இன்று உயிரோடுள்ள மீன்களில் மிக நெருங்கிய உறவு நுரையீரல் மீன்களே. மீனுக்குக் கால் முளைத்ததுபோல் பூதத்தை வரைந்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ நம் சொந்த வரலாற்றைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

அவ்வளவு பெரிதாக வளர முடியுமா?

அரை மீட்டர் நீளம், ஒரு கிலோகிராம் எடையுள்ள விராலை எடுத்துக்கொள்வோம். வடிவம் மாறாமல் அதை 20 மடங்கு பெரிதாக்கினால் 10 மீட்டர் பூதம் கிடைக்கும். எடை 20 மடங்கு கூடாது. 20 × 20 × 20, அதாவது 8,000 மடங்கு கூடும். எடை 8 டன். ஆனால் மூச்சு உறுப்பின் பரப்பு 20 × 20 = 400 மடங்குதான் கூடும். ஒவ்வொரு கிலோகிராம் சதைக்கும் கிடைக்கும் மூச்சுப் பரப்பு முன்பிருந்ததில் இருபதில் ஒரு பங்காகிவிடும். பெரிய உயிரினங்களுக்கு ஒரு கிலோகிராமுக்கான உயிர்வளித் தேவை குறைவுதான் என்றாலும், இந்த அளவுக்கு ஈடுகட்டாது.

பெரிய விலங்குகள் இதை மடிப்புகளால் தீர்க்கின்றன. நம் நெஞ்சுக்குள் இருக்கும் நுரையீரலின் நுண்ணறைகளை விரித்துப்போட்டால் ஏறத்தாழ ஒரு பூப்பந்துத் திடலின் அளவு வரும். பூதத்துக்கும் அப்படிப்பட்ட நுரையீரல் வேண்டும். விராலின் சிறிய காற்றறை போதாது.

உண்மையான நன்னீர் அரக்கர்கள் எவ்வளவு பெரியவர்கள்? 2022 ஜூன் மாதம் கம்போடியாவில் மேக்கோங் ஆற்றில் பிடிபட்ட திருக்கை மீன் 300 கிலோகிராம் எடையும், வாலோடு சேர்த்து ஏறத்தாழ 4 மீட்டர் நீளமும் இருந்தது. அளந்து, அடையாளக் கருவி பொருத்தி, மறுபடியும் ஆற்றிலேயே விட்டார்கள். அதுவும் ஓடும் பெரிய ஆற்றில். தேங்கிய சதுப்பில் அல்ல.

சதுப்பு எதிர்ப்பக்கத்தில் சாதனை படைக்கிறது. சுமத்திராவின் கரிமண் சதுப்பில் வாழும் ‘பெடோசைப்ரிஸ்’ என்ற மீனைப் பற்றி 2006இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். முதிர்ந்த பெண் மீன் ஒன்றின் நீளம் வெறும் 7.9 மில்லிமீட்டர். பால் கலக்காத தேநீர்போல் கறுத்து, புளித்த காடிபோல் அமிலமாக இருக்கும் நீரில் அது வாழ்கிறது.

மின்னல் வாள்: இங்கேதான் ஆபத்து

இப்போது மூன்றாம் விதிக்கு வருவோம். நீரில் நிற்கும் பூதத்தை மின்சாரம் பலமாகத் தாக்குமா? தாக்கும். அதற்கான காரணத்தைக் கவனமாகப் படியுங்கள்.

முற்றிலும் தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஓடைநீரில் கரைந்த உப்புகளின் அயனிகள் இருப்பதால் கடத்தும். இரண்டு மின்கம்பிகளை ஓடையில் வைத்தால், இடைப்பட்ட நீர் முழுவதும் மின்னழுத்தம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். அந்த நீரிலுள்ள ஓர் உடலின் இரு முனைகளுக்கும் வெவ்வேறு மின்னழுத்தம் கிடைக்கும். உடல் நீளமாக இருந்தால் வேறுபாடு அதிகம். 10 சென்டிமீட்டர் மீனைவிட ஒரு மீட்டர் மீனுக்குப் பத்து மடங்கு வேறுபாடு கிடைக்கலாம். மேலும், உடலுக்குள் உள்ள திரவங்கள் நன்னீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துபவை. ஆகவே நீரில் ஓடும் மின்னோட்டம் உடலை வழியாகத் தேர்ந்தெடுக்கும்.

விளையாட்டில் 10 மீட்டர் பூதம் மின்னலால் பலமாக அடிபடுவது இதனால் பொருத்தமே. ஆனால் விளையாட்டு ஒன்றை மறைத்துவிடுகிறது. வேட்டைக்காரரும் அதே நீரில்தான் நிற்கிறார்!

பாலோவின் ஓடையில் பூதம் இல்லை. ஒன்றரை அடி விரால்கள் இருக்கின்றன. அந்த ஓடையில் இறங்கினால் மிக நீளமான உடல் யாருடையது? உங்களுடையது.

என் அக்காள் மகன், “பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதானே மாமா?” என்று கேட்டான். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்தக் கருவிகளில் பேட்டரியோடு மின்னழுத்தத்தை உயர்த்தும் சாதனமும் இருக்கும். 12 வோல்ட், சில நூறு வோல்ட்டாகி நீருக்குள் போகிறது. உலர்ந்த தோலின் தடை ஒரு இலட்சம் ஓம் வரை இருக்கலாம். நனைந்த உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஓம் விதிப்படி, 240 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.24 ஆம்பியர், அதாவது 240 மில்லிஆம்பியர்.

10 மில்லிஆம்பியர் அளவிலேயே தசைகள் இறுகத் தொடங்கும். பிடித்த கம்பியைக் கை விடாது. 100 மில்லிஆம்பியர் நெஞ்சின் வழியே சென்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். உணர்விழந்து முகம் நீரில் கவிழ்ந்தால் முழங்கால் ஆழமே மூழ்கிச் சாகப் போதும். காப்பாற்ற நீரில் குதிக்கும் நண்பனுக்கும் அதே கதிதான்.

மின்சாரம் மீனைத் தரம் பிரிப்பதும் இல்லை. தப்பிப்போகும் மீன்களிலும் முதுகெலும்பு முறிந்தவை இருக்கும். சினைமீனும் குஞ்சைக் காக்கும் மீனும் சேர்ந்தே அடிபடும். விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக் காக்கும் மீன். பெற்றோர் போனால் குஞ்சுகளும் பிற மீன்களுக்கு இரையாகும். இதனால்தான் மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம், வெடி, நஞ்சு ஆகியவற்றோடு மின்சாரத்தைக் கொண்டு மீன் பிடிப்பதையும் 26ஆம் பிரிவில் தடைசெய்கிறது.

சதுப்பையே வீழ்த்தும் வேட்டை

சட்டமும் ஓம் விதியும் மீனைக் காப்பாற்றினாலும், சதுப்பு இல்லாவிட்டால் என்ன பயன்? ஜோகூரின் கரிமண் சதுப்புகளில் மட்டுமே வாழும் ஒரு குட்டிச் சண்டை மீன் இருக்கிறது. ஆயர் ஹீத்தாம் வட்டாரத்தில் கிடைத்த இந்த மீன் 1986இல் அறிவியலுக்கு அறிமுகமாகி, கிரேக்கப் பாதாள உலகின் அரசியான பெர்செபோனியின் பெயரைப் பெற்றது. கரிய உடல், 3 சென்டிமீட்டர் நீளம். இதுவும் காற்றைச் சுவாசிக்கும் மீன்தான். உயிர்வளி இல்லாத நீரை அதனால் சமாளிக்க முடியும். நீரே இல்லாத நிலத்தை முடியாது. சதுப்புக் காடுகள் வடிக்கப்பட்டதால் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

கரிமண் என்பது முழுவதும் மக்காத இலை, வேர், மரத்துண்டுகள் நீரில் ஊறிக் குவிந்தது. வடிகால் வெட்டி நீரை இறக்கினால் காற்று புகுந்து அது மக்கத் தொடங்கும். மண் கரியமில வாயுவாகி மேலே போக, நிலம் கீழே இறங்கும். மேற்கு ஜோகூரில் பல ஆண்டுகள் அளந்து 1997இல் வெளியான ஓர் ஆய்வு, நிலம் ஆண்டுக்குச் சராசரியாக 2 சென்டிமீட்டர் தாழ்வதாகக் கணக்கிட்டது. நீங்கள் பிறந்ததிலிருந்து படிவம் 3 வருவதற்குள் 30 சென்டிமீட்டர்! நிலம் தாழ்ந்தால் வெள்ளம் எளிதாக வரும். காய்ந்தால் தீப்பிடித்து மாதக்கணக்கில் புகையும்.

சதுப்பை நம்பித்தான் நம் முன்னோர் தோட்டம் போட்டார்கள், நெல் நட்டார்கள், மீன் பிடித்தார்கள். அதை முழுக்க விட்டுவிடச் சொல்ல யாராலும் முடியாது. எஞ்சியிருக்கும் சதுப்பை எஞ்சவிட வேண்டும் என்பதுதான் கேட்பது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு வாளியில் களிமண்ணையும் நீரையும் கூழாகக் கலந்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் கோப்பையை அடிப்பக்கம் கீழாக இருக்கும்படி பாதி ஆழம் அழுத்துங்கள். முதலில் நேராக வெடுக்கென்று இழுங்கள். மறுமுறை இலேசாகச் சுழற்றி அசைத்து, மெதுவாக இழுங்கள். எது எளிதாக வந்தது? சேறு ஏன் காலைப் பிடிக்கிறது என்பதற்கான விடை உங்கள் கையிலேயே தெரியும்.

இன்னொன்று: மழை ஓய்ந்த மாலையில் பெரியவர் ஒருவரோடு பாதுகாப்பான வரப்பிலோ பாலத்திலோ நின்று வடிகாலைப் பத்து நிமிடம் பாருங்கள். இறங்க வேண்டாம், தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் நோயும் உண்டு. நீர்மட்டத்தில் ‘குபுக்’ என்று ஒரு வட்டம் எழுந்து மறைந்தால், அது விரால் காற்று குடிக்க வந்து போனதாக இருக்கலாம். அடுத்த வட்டம் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை என் அக்காள் மகன் அந்த அண்ணனோடு போகவில்லை. ஓடைக்கு மேலே உள்ள சிறுபாலத்தில் நானும் அவனும் கைக்கடிகாரத்தோடு நின்றோம். பதினொரு நிமிடத்தில் மூன்று வட்டங்கள். “அது மேல வர்ற நேரம் தெரிஞ்சா, தூண்டில் போடுறவனுக்கு லாபம்தானே மாமா?” என்றான். தூண்டிலுக்குச் சட்டத்தில் தடையில்லை. அடுத்த விடுமுறைக்கு ஒரு தூண்டில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.